பழைய டீசல் பிக்கப்: மொதல்ல ரிப்பேரா, ட்யூனா, ரெண்டுமா, இல்ல அப்படியே ஓட்டிடலாமா?

வண்டி ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, ஆனா மேட்டுல முன்ன மாதிரி இழுவை இல்ல, லோடு ஏத்துனா புகை தள்ளுது, கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு, இதை ட்யூனுக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கிற அமைப்பை மாத்தி பவர் கூட்டுறதுக்குப் போடவா, இல்ல உடையுறதுக்கு முன்னாடியே சில பாகங்களை மாத்திடவா, இல்ல ஓடுற இன்ஜின்ல கையே வைக்க வேணாமா? பழைய டீசல் பிக்கப் வச்சிருக்கிற எல்லாரும் ஒரு நாள் இந்தக் கேள்வில வந்து நிப்பாங்க.

யாரைக் கேட்டாலும் அவங்கவங்க தொழிலை ஒட்டித்தான் பதில் வரும். ட்யூன் பண்றவர் லேப்டாப்பைத் திறப்பாரு, இன்ஜின் வேலை பாக்குறவர் ஹெட்டை, அதாவது சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற பாகத்தை, கழட்டலாம்னு சொல்வாரு, பக்கத்து வண்டிக்காரர் "ஓடுதுல்ல, விடுங்க" அப்படின்னுவாரு. மூணு பேரும் பொய் சொல்லல, மூணும் ஏதாவது ஒரு வண்டிக்கு சரியான பதில்தான். உங்க வண்டிக்கு எதுங்கிறதுதான் விஷயம்.

என்னோட முடிவை முன்னாடியே சொல்லிடறேன்: காசு மொதல்ல போக வேண்டியது, உடைஞ்சா இன்ஜினையே கூட இழுத்துட்டுப் போற பாகங்களுக்கு. ட்யூன் கடைசில. அதுக்காக எல்லா வண்டிக்கும் எல்லா ரிப்பேரும் பண்ணுங்கன்னு சொல்லல, சில வண்டிக்கு ஒண்ணுமே பண்ணாம ஓட்டுறதுதான் புத்திசாலித்தனம், அதையும் கீழ சொல்றேன்.

## எதை வச்சு முடிவு பண்றது

உடைஞ்சா கூட என்னென்ன போகும். எனக்கு இதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய கேள்வி. ஆல்டர்னேட்டர் போச்சுன்னா வண்டி நிக்கும், அவ்வளவுதான், வேற ஒண்ணு மாட்டிட்டுக் கிளம்பலாம். டைமிங் பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல மோதி வளையும், ஹெட்டு வேலை வரைக்கும் போயிடும். டயோட்டா 1கேடி இன்ஜின்ல இந்த பெல்ட்டை 1,50,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்னு வச்சிருக்கிறது அதனாலதான். பழைய 12 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினைப் பாருங்க, முரட்டு இன்ஜின்னு எல்லாரும் கும்பிடுவாங்க, ஆனா அதோட முன்பக்கம் டைமிங் கியர் ஹவுசிங்கைப் பிடிச்சிருக்கிற ஒரு சின்ன டவல் பின் (இடம் நகராம பிடிக்கிற இரும்பு ஆணி) அதிர்வுல கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து கியருக்குள்ள விழுந்தா, கியரும் கேஸும் உடைஞ்சு இன்ஜினே காலி. அந்தப் பின் வெளிய வராம ஒரு சின்ன தகடு வச்சு அடைக்கிறதுதான் மொத்த வைத்தியம். தகடோட விலை ஒண்ணுமே இல்ல, அதைப் போட முன்பக்கம் கழட்டுற கூலிதான் செலவு. இப்படி, பாகத்தோட விலைக்கும் அது பண்ற நாசத்துக்கும் சம்பந்தமே இருக்காது, அதனால பில்லைப் பாத்து முன்னுரிமை குடுக்காதீங்க, நாசத்தைப் பாத்துக் குடுங்க.

இன்ஜின் இப்ப எந்த நிலைமைல இருக்கு. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்தை அமுக்குற பலம், போன இன்ஜினுக்கு ட்யூனும் வேஸ்ட், புது டர்போவும் வேஸ்ட்.

வண்டி பாக்குற வேலை. வெறும் வண்டியா ஊருக்குள்ள சுத்துறதுக்கும், பின்னாடி ட்ரெய்லர் மாட்டிட்டு மலை ஏறுறதுக்கும் ஒரே இன்ஜின் ரெண்டு விதமா தேயும். தொடர்ந்து இருபது நிமிஷம் முழு லோடுல ஏறும்போதுதான் கூலிங்கோட உண்மை வெளிய வரும்.

எத்தனை வருஷம் வச்சுக்கப் போறீங்க, வண்டி நின்னா உங்க பொழப்பு என்னாகும். ரெண்டையும் சேர்த்தே யோசிங்க. ஒரு வருஷத்துல விக்கப் போற வண்டிக்கு ஹெட் ஸ்டட் (போல்ட்டுக்குப் பதிலா ஹெட்டைப் பிடிக்கிற பலமான திருகு) போட்டா அந்தக் காசை வாங்குறவர் தரமாட்டாரு. அதுவே வண்டி நின்னா அன்னிக்கு வருமானமே நிக்கும்னா கணக்கு மாறிடும்.

சட்டமும் இன்சூரன்ஸும். ட்யூன்ங்கிற பேர்ல இஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுல கொஞ்சத்தை திரும்ப இன்ஜினுக்கே அனுப்புற அமைப்பு), டிபிஎஃப் (எக்ஸாஸ்ட்ல கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) எல்லாத்தையும் கழட்டிட்டு அதை மென்பொருள்ல மறைக்கிற வேலை நிறைய நடக்குது. அமெரிக்காவுல கிளீன் ஏர் ஆக்ட்படி அது சட்டவிரோதம். பிரிட்டன்ல 2014 பிப்ரவரிலேர்ந்து வருஷாந்திர சோதனைல டிபிஎஃப் இருக்கான்னு பாக்குறாங்க, ஆலையிலேயே அதோட வந்த வண்டில இப்ப அது இல்லைன்னா ஃபெயில். மத்த நாடுகள்லயும் விதி இருக்கு, உங்க ஊர் விதியைப் பாத்துக்கோங்க. மாடிஃபிகேஷனைச் சொல்லாம விட்டா கிளெய்ம்ல சிக்கல் வர வாய்ப்பும் இருக்கு.

## காசு எடுக்குறதுக்கு முன்னாடி, இன்ஜினை அளந்து பாருங்க

நாலு வழியும் இதுக்கு அப்புறம்தான். அளக்காம எடுக்குற முடிவு எதுவா இருந்தாலும் குருட்டாம்போக்குதான், அதனால இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடாதீங்க.

ஆயில் மூடியைக் கழட்டி, தலைகீழா அந்த ஓட்டை மேலயே வச்சு ஐடில்ல ஓட விட்டுப் பாருங்க. லேசா ஆடினா பரவால்ல, தூக்கி எறிஞ்சுச்சுன்னா இல்ல புஸ் புஸ்ஸுனு காத்து தள்ளிச்சுன்னா உள்ள ப்ளோ பை இருக்கு, அதாவது எரியுற வாயு பிஸ்டனைத் தாண்டி கீழ கசியுது. இது துல்லியமான சோதனை இல்ல, சில இன்ஜின்ல அமைப்பே அப்படி, ஆனா சந்தேகத்தைக் கிளப்ப போதும். அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், எல்லா சிலிண்டரும். எண் எவ்வளவுங்கிறதை விட சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் எவ்வளவுங்கிறதுதான் முக்கியம், ஒண்ணு மட்டும் தனியா கீழ கெடந்தா கதை அங்கதான்.

காமன் ரயில் இன்ஜினா (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்லேர்ந்து டீசல் போற வகை) இருந்தா இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஒவ்வொரு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் குழாய்லயும் ஒரு பாட்டிலைக் கட்டி ஓட விடுவாங்க, எதுல டீசல் சீக்கிரம் ரொம்புதோ அது உள்ள தேஞ்சு போனது. ஆயில் மாத்துற அன்னிக்கே கொஞ்சம் ஆயிலை லேபுக்கு அனுப்புங்க, நமக்கு ரத்தப் பரிசோதனை மாதிரிதான் இது இன்ஜினுக்கு. சோடியம், பொட்டாசியம் ஏறியிருந்தா கூலன்ட் ஆயில்ல கலக்குதுன்னு சந்தேகப்படணும், லெட் (ஈயம்) ஏறினா பேரிங்கு தேயுது, சிலிக்கான் ஏறினா ஏர் ஃபில்டர் பக்கம் எங்கயோ தூசி உள்ள போகுது, டீசல் கலந்திருந்தா இன்ஜெக்டர் கசியுது. ஒரு ரிப்போர்ட்டை வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க, அடுத்த ஆயில் மாத்தும்போதும் அனுப்பிப் பாத்தா ஏறுதா இறங்குதான்னு தெரியும்.

டர்போ வாயில இருக்கிற ஹோஸைக் கழட்டிட்டு ஷாஃப்ட்டை கையால ஆட்டுங்க. பக்கவாட்டுல ரொம்ப லேசா ஆடலாம், முன்னும் பின்னும் ஆடவே கூடாது. இன்டர்கூலர் ஹோஸ்ல எங்கயாவது ஆயில் ஈரமும் கருப்பும் படிஞ்சிருந்தா பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கித் தள்ளுற காத்து, அங்க லீக் ஆகுது. இந்த ஹோஸ் கிளிப்பு, அடைஞ்ச டீசல் ஃபில்டர், கரி புடிச்ச மேப் சென்சார் (உள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்குறது), இதுங்களால மட்டுமே "வண்டில இழுவை இல்ல, ட்யூன் பண்ணணும்"னு வர்ற வண்டி எவ்வளவோ இருக்கு. இதையெல்லாம் சரி பண்ணாலே கம்பெனில வந்தப்ப இருந்த இழுவை திரும்பி வந்துடும், ட்யூனே தேவைப்படாது.

## வழி 1: ஓட்டுங்க, உடைஞ்சா பாத்துக்கலாம்

ஆயில், ஃபில்டர், கூலன்ட் மட்டும் நேரத்துக்கு மாத்திட்டு மிச்சத்தை விட்டுடறது. இதை சோம்பேறித்தனம்னு சொல்றவங்க இருக்காங்க, நான் சொல்லமாட்டேன். சீக்கிரம் விக்கப் போற வண்டி, மாசத்துக்கு ரெண்டு தடவை வெளிய எடுக்குற வண்டி, பாடி துருப்பிடிச்சு இன்ஜினை விட முன்னாடி செத்துடப் போற வண்டி, இதுக்கெல்லாம் இதுதான் சரி.

மறைஞ்சிருக்கிற செலவு என்னன்னா, உடையுற நேரத்தையும் இடத்தையும் நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. நடு ராத்திரில, லோடோட, தெரியாத ஊர்ல நின்னா கிடைச்ச மெக்கானிக், கிடைச்ச பாகம், அவர் சொன்ன விலை. இழுத்துட்டுப் போற செலவு தனி.

இன்னொண்ணு, சில இன்ஜின்ல "உடைஞ்சா பாத்துக்கலாம்" அப்படிங்கிற பேச்சுக்கே இடம் இல்ல. பாஷ் சிபி4 உயர் அழுத்த பம்ப் இருக்கிற பிக்கப்புகள், அதாவது 2011லேர்ந்து வந்த ஜிஎம் கம்பெனியோட எல்எம்எல் டியூராமேக்ஸ், ஃபோர்டோட 6.7 இதெல்லாம், பம்பு உள்ள உரசி உடைஞ்சா இரும்புத் தூள் ரயிலு, இன்ஜெக்டர், ரிட்டர்ன் லைன் வழியா டேங்க் வரைக்கும் போயிடும். அப்புறம் பம்பு மட்டும் மாத்தினா பத்தாது, மொத்த ஃபியூயல் சிஸ்டமும் மாத்தணும். டீசல்ல தண்ணி கலக்காம பாத்துக்கிறது, ஃபில்டரை நேரத்துக்கு மாத்துறது, இது ரெண்டையும் இந்த வண்டிக்காரங்க சாமி கும்பிடுற மாதிரி செய்யணும்.

## வழி 2: முன்கூட்டியே ரிப்பேர், பவர் கம்பெனில வந்த அளவே

ரொம்ப பேருக்கு நான் சொல்ற வழி இதுதான், அதனால இங்க கொஞ்சம் நிறையவே எழுதுறேன்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா: கூலிங், ஆயில், டீசல் சப்ளை, அப்புறம் காத்து. இந்த வரிசைலதான். கூலிங் போனா ஹெட்டு போகும், ஆயில் போனா பேரிங்கும் டர்போவும் போகும், டீசல் சப்ளை போனா பம்பு போகும். காத்து போனா பெரும்பாலும் புகையும் மந்தமும்தான்.

கூலிங்னதும் ரேடியேட்டரை மட்டும் நினைக்காதீங்க. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பஞ்சு மாதிரி தூசி அடைச்சுக்கிட்டு இருக்கும், வெளியேர்ந்து பாத்தா தெரியவே தெரியாது. விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்கேத்த மாதிரி வேகம் மாறுற ஃபேன்) தேஞ்சு போயிருந்தா வெறும் வண்டில ஒண்ணும் தெரியாது, லோடோட மேட்டுல ஏறும்போது முள்ளு ஏறும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ், பெல்ட் இதெல்லாம் ஒரே தடவைல மாத்துங்க, ஏன்னா கூலன்டை இறக்குற வேலை ஒண்ணுதான், கூலி ஒரு தடவை குடுத்தா போதும். நேவிஸ்டார் செஞ்ச பழைய 6.9, 7.3 ஐடிஐ இன்ஜின் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம்: சிலிண்டர் சுவர் அதிர்றதால அதோட கூலன்ட் பக்கத்துல சின்னச் சின்ன குமிழி உருவாகி வெடிச்சு வெடிச்சு இரும்பை அரிக்கும், கடைசில ஓட்டை விழுந்து கூலன்ட் சிலிண்டருக்குள்ள வரும். அதைத் தடுக்க கூலன்ட்ல சேர்க்குற மருந்தோட அளவை சோதிச்சு வச்சிருந்தா போதும், அதை விடக் குறைஞ்ச செலவுல ஒரு பிளாக்கைக் காப்பாத்துற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஒண்ணுக்கொண்ணு எப்படி தொத்திக்கிட்டு இருக்குங்கிறதுக்கு ஃபோர்டு 6.0 பவர் ஸ்ட்ரோக்கை விட நல்ல உதாரணம் கிடையாது. 2003லேர்ந்து 2007 வரைக்கும் சூப்பர் டூட்டி பிக்கப்புல வந்துச்சு, செஞ்சு குடுத்தது நேவிஸ்டார். இதுல ஆயில் கூலர் இன்ஜின் நடுப்பள்ளத்துக்குள்ள உக்காந்திருக்கு, கூலன்ட் போற வழி ரொம்பக் குறுகல். வார்ப்பு மணலும் கூலன்ட்லேர்ந்து பிரியுற படிவும் சேர்ந்து அதை அடைச்சிடும். ஆயில் கூலரைத் தாண்டிதான் கூலன்ட் இஜிஆர் கூலருக்குப் போகுது, அதனால அங்க கூலன்ட் பத்தாம கொதிச்சு இஜிஆர் கூலர் வெடிக்கும், கூலன்ட் இன்டேக்குக்குள்ள இறங்கும். இதுக்கு மேல, ஒரு சிலிண்டரைச் சுத்தி நாலே நாலு பெரிய ஹெட் போல்ட்தான், அதுக்கு முந்தின 7.3 பவர் ஸ்ட்ரோக்ல ஆறு. அந்த நாலும் இழுபட்டு நீளுற வகை போல்ட்டு, உள்ள அழுத்தம் ஏறினா ஹெட்டு லேசா தூக்கி கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்பு) போயிடும்.

கேஸ்கெட் போனவங்க கேஸ்கெட்டைத்தான் திட்டுவாங்க. ஆரம்பிச்சது ஆயில் கூலர்ல. அதைக் கண்டுபிடிக்க இன்ஜினைக் கழட்ட வேணாம், ஸ்கேனர்ல ஆயில் சூடும் கூலன்ட் சூடும் பாத்தா போதும்: இன்ஜின் நல்லா சூடானப்புறம் ஹைவேல ஒரே வேகத்துல போகும்போது ரெண்டுக்கும் நடுவுல 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல, அதாவது சுமார் 8 டிகிரி செல்சியஸுக்கு மேல வித்தியாசம் வந்தா ஆயில் கூலர் அடைச்சுக்கிட்டு இருக்கு. அப்பவே மாத்தினா இஜிஆர் கூலரும் ஹெட்டும் தப்பிச்சுது. அதே இன்ஜின்ல இன்ஜெக்டரை இயக்குற ஃபிகம் பெட்டி 48 வோல்ட் குடுக்கணும், அது குறைய ஆரம்பிச்சா இன்ஜெக்டரும் கெட ஆரம்பிக்கும், அதைக் கெடுக்குறது பெரும்பாலும் வயசான பேட்டரியும் பலவீனமான ஆல்டர்னேட்டரும். ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா லோடு டெஸ்ட் பண்றதுகூட ஒரு இன்ஜின் ரிப்பேர்தான்னு இந்த வண்டிக்காரங்களுக்கு நல்லாவே தெரியும்.

டீசல் சப்ளைக்கு உதாரணம் 1998லேர்ந்து 2002 வரைக்கும் வந்த 24 வால்வு கம்மின்ஸோட விபி44 பம்பு. அதுக்கு உயவும் குளிர்ச்சியும் டீசல்தான். முன்னாடி இருக்கிற, டேங்க்லேர்ந்து டீசலை அனுப்புற லிஃப்ட் பம்பு சத்தமில்லாம பலவீனமாகும், வண்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும், உள்ள விபி44 காஞ்சு செத்துக்கிட்டு இருக்கும். ஒரு ஃபியூயல் பிரஷர் கேஜ் மாட்டினா இது முன்னாடியே கண்ணுக்குத் தெரியும்.

டயோட்டா 1கேடி பக்கம் போனா இன்ஜெக்டர் சீட்டு. அடில இருக்கிற சீல் வாஷர் விட்டுப்போனா எரிஞ்ச வாயு மேல வந்து ஆயிலைக் கரியாக்கும், அந்தக் கரி சம்புல, அதாவது இன்ஜின் அடில இருக்கிற ஆயில் தொட்டில, ஆயில் உறிஞ்சுற வலையை அடைக்கும், ஆயில் பத்தாம டர்போவும் பேரிங்கும் போகும். ரொம்ப நாளா வாஷர் மாத்தாத வண்டின்னா, மாத்துறதோட நிறுத்தாம சம்பைக் கழட்டி வலையையும் பாக்கச் சொல்லுங்க. எல்பி7 டியூராமேக்ஸ்ல, 2001லேர்ந்து 2004 வரைக்கும் வந்ததுல, இன்ஜெக்டர் வால்வு கவருக்கு உள்ளயே இருக்கு, கசிஞ்சா டீசல் ஆயில்ல கலந்து ஆயில் அளவு கூடும். அங்க போய்ச் சேருற கூலியே பெரிசு, அதனால ஒண்ணு போனா எட்டையும் மாத்துறாங்க.

பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிக்கு, பம்பு நாசில் ரெண்டையும் கழட்டி பெஞ்சுல கேலிப்ரேஷன் பண்றது, கூடவே வால்வு கிளியரன்ஸ் சரி பண்றது. நாசில் ஸ்பிரிங் தளர்ந்து திறக்குற அழுத்தம் குறைஞ்சா டீசல் தூவலா வராம சொட்டும், புகை அங்கேர்ந்துதான். இது ஒரு விதத்துல ட்யூன்தான், ஆனா இன்ஜினுக்கு ஒரு கேடும் பண்ணாத ட்யூன்.

இந்த வழிக்கும் மறைஞ்ச செலவு உண்டு. நல்லா இருந்த பாகத்தைக் கழட்டிட்டு மலிவான மாற்றுப் பாகம் போட்டா நிலைமை மோசமாகும், இருபது வருஷம் ஓடின ஒரிஜினல் வாட்டர் பம்பை எடுத்துட்டு ரெண்டு வருஷத்துல லீக் ஆகுறதைப் போட்டவங்க இருக்காங்க. ஒரு வேலைக்குக் கைவச்சா காஞ்சுபோன பிளாஸ்டிக் கனெக்டர் உடையும், துருப்பிடிச்ச போல்ட் முறியும், அதுக்கும் காசு எடுத்து வைக்கணும். செலவு பண்ணப்புறம் தொலைஞ்ச இழுவை திரும்புறதைத் தவிர வண்டி ஓட்டுறப்ப பெரிசா எந்த மாற்றமும் தெரியாது, அதுவும் சிலருக்கு மனசு ஆறாது.

## வழி 3: ட்யூன் மட்டும்

குடுக்குற காசுக்கு உடனே கண்ணுக்குத் தெரியுற மாற்றம் இதுலதான், அதனாலதான் எல்லாருக்கும் இது மேல ஆசை. நல்ல ட்யூன் நிஜமாவே வண்டியை மாத்தும், அதை மறுக்கல. ஆனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பண்ணுங்க.

டீசல்ல பவர்னா கூட டீசல் ஊத்துறதுதான், அதை எரிக்க கூட காத்து வேணும். டீசலை அதிக நேரம் ஊத்தினா எக்ஸாஸ்ட் சூடு ஏறும், பிஸ்டனும் டர்போவும் சுடும். டைமிங்கை முன்னாடி நகத்தினா சிலிண்டர் அழுத்தம் ஏறும், ஹெட் கேஸ்கெட்டும் போல்ட்டும் தாங்கணும். ரயில் பிரஷரைக் கூட்டினா பம்பும் இன்ஜெக்டரும் தாங்கணும். எந்த வழில போனாலும் ஏதோ ஒரு பாகம் கூடுதலா சுமக்குது, அது ஏற்கனவே தேஞ்ச பாகமா இருந்தா மொதல்ல அதுதான் போகும். டர்போ இல்லாத பழைய டீசலுக்கு இந்தப் பேச்சே வேணாம், காத்து கூடாம டீசலை மட்டும் கூட்டினா புகையும் சூடும்தான் மிச்சம்.

வெளியேர்ந்து மாட்டுற ட்யூனிங் பாக்ஸுக்கும், இன்ஜின் கம்ப்யூட்டர் மென்பொருளையே மாத்தி எழுதுற ரீமேப்புக்கும் வித்தியாசம் இருக்கு. பிரஷர் சென்சார் வயர்ல செருகுற சாதாரண பாக்ஸ், ரயில் பிரஷர் கம்மியா இருக்குன்னு இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு கிட்ட பொய் சொல்லும், இசியு அதை நம்பி பிரஷரை ஏத்தும். நிஜமா எவ்வளவு பிரஷர்னு இசியுவுக்கே தெரியாது, அதனால அதோட பாதுகாப்பு எல்லையும் தப்பாயிடும். மைலேஜ் கூடிருச்சுன்னு மீட்டர் காட்டும், ஏன்னா மீட்டரும் அந்தப் பொய்யை வச்சுத்தான் டீசலைக் கணக்குப் பண்ணுது. டேங்கை விளிம்பு வரைக்கும் ரொப்பி, ஓட்டி, திரும்ப ரொப்பிப் பாத்தா மட்டும்தான் உண்மையான மைலேஜ் தெரியும். ரீமேப் ஒழுங்கா பண்ணா இந்தப் பொய்க்கே வேலை இல்ல, ஆனா அதை எழுதுறவர் உங்க வண்டியோட லாகை, அதாவது ஓடும்போது எடுத்த அளவுப் பதிவை, பாத்து எழுதணும், வேற வண்டி ஃபைலை அப்படியே ஏத்திட்டு அனுப்புறவரா இருக்கக் கூடாது.

மறைஞ்ச செலவுல பெரிசு கியர் பக்கம். மேனுவல்னா கிளட்ச் வழுக்கும், ஆட்டோமேட்டிக்னா டார்க் கன்வெர்ட்டரும் உள்ள இருக்கிற கிளட்ச்சும் தேயும். இன்ஜின் எவ்வளவு டார்க் குடுக்குதுன்னு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு சரியா போகலைன்னா அது பத்தாத பிரஷர்ல பிடிக்கும், வழுக்கும், சூடாகும். ட்யூனுக்குக் குடுத்ததை விட பல மடங்கு அங்க போகலாம்.

யாருக்கு இது சரி? அளந்து பாத்ததுல எல்லாம் சுத்தமா வந்த வண்டி, பராமரிப்புக் கணக்கு கையில இருக்கிற வண்டி, இதுக்கு மிதமான ட்யூன் தப்பே இல்ல. அப்பவும் டர்போவுக்கு முன்னாடி ஒரு எக்ஸாஸ்ட் சூடு கேஜ் மாட்டாம பண்ணாதீங்க. அலுமினிய பிஸ்டன் இன்ஜினுக்கு தொடர்ந்து 1250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 677 டிகிரி செல்சியஸ், இதைத் தாண்ட விடாம ஓட்டணுங்கிறது பொதுவா எல்லாரும் வச்சிருக்கிற எல்லை. டர்போவுக்குப் பின்னாடி மாட்டினா எண் குறைவா காட்டும், அதை நம்பி மேட்டுல மிதிச்சா ஆபத்து.

## வழி 4: எல்லாம் சேர்த்து, முழு பில்ட்

ஹெட்டைக் கழட்டி, மட்டம் பாத்து மெஷின் பண்ணி, போல்ட்டுக்குப் பதிலா ஸ்டட் போட்டு, ஆயில் கூலர், இஜிஆர் கூலர், இன்ஜெக்டர் எல்லாம் புதுசு, அதுக்கு மேல ட்யூன். 6.0 மாதிரி இன்ஜினுக்கு கேஸ்கெட் எப்படியும் போயாச்சுன்னா இதுதான் நேரம், அதுல நிறைய பேர் கேபினையே தூக்கி வச்சுட்டுத்தான் வேலை பாக்குறாங்க, அவ்வளவு கழட்டினப்புறம் பழைய போல்ட் வகையையே திரும்பப் போடுறதுல அர்த்தம் இல்ல. அதே சமயம் கேஸ்கெட் நல்லா இருக்கிற வண்டில ஸ்டட் போடுறதுக்காகவே ஹெட்டைக் கழட்டுறதை நான் ஒத்துக்க மாட்டேன், கூலர் சரியா இருந்து பவரும் ஸ்டாக்கா, அதாவது கம்பெனில வந்த அளவா, இருந்தா அந்தக் காசை வேற எங்கயாவது வைக்கலாம்.

காசை விட நேரம்தான் இங்க பெரிய செலவு. பாகம் வர காத்திருக்கணும், மெஷின் ஷாப்ல காத்திருக்கணும், வாரக்கணக்குல வண்டி இல்லாம இருக்கணும். இன்னொண்ணு, இன்ஜின் பலமானப்புறம் அடுத்த பலவீனமான இடம் கியர்பாக்ஸ்தான். நிறைய வருஷம் வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ண, பாடியும் சேஸியும் சுத்தமா இருக்கிற, கனமா இழுக்குற வண்டிக்கு மட்டும் இது. கம்ப்ரஷனும் போயிருந்தா, பாக்க வேண்டியது ரீகண்டிஷன் இன்ஜின் விலையைத்தான்.

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | அப்படியே ஓட்டுறது | முன்கூட்டியே ரிப்பேர் | ட்யூன் மட்டும் | முழு பில்ட் |
|---|---|---|---|---|
| கையிலேர்ந்து உடனே போறது | ரொம்பக் குறைவு | நடுத்தரம், பிரிச்சு பண்ணலாம் | குறைவு | ரொம்ப அதிகம் |
| இன்ஜின் போற ஆபத்து | இன்ஜினைப் பொறுத்தது, சிலதுல அதிகம் | நல்லா குறையும் | கூடும் | குறையும், ட்யூன் அளவைப் பொறுத்து |
| ஓட்டுறப்ப தெரியுற மாற்றம் | இல்ல | தொலைஞ்ச இழுவை திரும்பும் | நிறைய | நிறைய |
| மறைஞ்ச செலவு | டோயிங், அவசர விலை | மட்டமான பாகம், முறியுற போல்ட் | கிளட்ச், கியர்பாக்ஸ், டீசல் | நேரம், கியர்பாக்ஸ் |
| வண்டி நிக்குற நாள் | எப்பன்னு தெரியாது | நீங்க வைக்கிற நாள் | சில மணி நேரம் | வாரக்கணக்கு |
| யாருக்கு | விக்கப் போறவங்க, கம்மியா ஓட்டுறவங்க | தினமும் வேலைக்கு எடுக்குறவங்க | சோதனைல சுத்தமா வந்த வண்டி | ஹெட்டு ஏற்கனவே கழட்ட வேண்டிய வண்டி |

## குழப்பம் வர்ற சில நிலைமைகள்

லோடு இழுக்குறது அதிகம், ஆனா காசு கம்மி: கூலிங், டீசல் ஃபில்டர், ரெண்டு கேஜ், அதாவது எக்ஸாஸ்ட் சூடும் ஃபியூயல் பிரஷரும். ட்யூனை மறந்துடுங்க.

இப்பதான் பழைய வண்டியா வாங்கினீங்க, முன்னாடி என்ன பண்ணாங்கன்னே தெரியாது: டைமிங் பெல்ட் இருக்கிற இன்ஜினா இருந்தா எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு விக்கிறவர் சொன்னதை நம்பாம மொதல்ல அதை மாத்துங்க. அதுக்கப்புறம் சோதனை எல்லாம் பண்ணுங்க, இசியுல யாராவது ஏற்கனவே ட்யூன் ஏத்தி வச்சிருக்காங்களான்னும் படிச்சுப் பாக்கச் சொல்லுங்க, ட்யூன் மேல ட்யூன் ஏத்துறது நடக்குது.

வண்டி நல்லா இருக்கு, மேட்டுல மட்டும் கொஞ்சம் கூட வேணும்: வழி 2ல கூலிங் வேலையை முடிச்சுட்டு மிதமான ரீமேப். பெரும்பாலான வேலை வண்டிக்கு இதுக்கு மேல தேவையே இல்ல.

## ட்யூனருக்கு காசு குடுக்குறதுக்கு முன்னாடி

ஸ்டாக் ஃபைலை பத்திரமா எடுத்து வச்சு உங்க கையில ஒரு காப்பி தருவாரான்னு கேளுங்க. ட்யூன் போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் லோடுல ஓட்டி ரயில் பிரஷர், பூஸ்ட், எக்ஸாஸ்ட் சூடு லாக் எடுத்துக் காட்டுவாரான்னு கேளுங்க. இழுக்குறதுக்குன்னு தனியா, டார்க் குறைச்ச ஃபைல் இருக்கான்னு கேளுங்க, கியர்பாக்ஸ் பக்கம் என்ன மாத்துறாருன்னு கேளுங்க. இஜிஆர், டிபிஎஃப் கழட்டுனாதான் ட்யூன் நிக்கும்னு சொன்னா அங்கேயே கிளம்பிடுங்க. மிச்ச கேள்விக்கெல்லாம் தெளிவா பதில் சொல்லி, "மொதல்ல அந்த இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் காட்டுங்க" அப்படின்னு அவரே உங்ககிட்ட கேட்டா, சாவியைக் குடுக்கலாம்.